கட்டுக்காரர் வேனைக் கட்டிய கதை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டுக்காரர் என்றால்தான் பார்ப்பார். முப்பத்தோரு வருடம் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இருந்தவர். கப்பல் ஏறப்போகும் பம்புகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு டேப் ஒட்டுவார். அவர் கட்டிய சரக்கில் ஒன்றுகூடத் துருப்பிடித்துத் திரும்பி வந்ததில்லை. இதை யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, குடைக்கு ஓர் உறை, மீந்த உறைகளைப் போட்டு வைக்க ஓர் உறை. மிச்சமான அரை வெங்காயத்தை அவர் எடுத்து வைத்துவிட்டால், மறுநாள் அதை வெளியே எடுக்க அவர் மனைவிக்குக் கத்தரிக்கோல் வேண்டும்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு கேம்பர் வேன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி என்று எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வண்டியின் வயது நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியை எங்கேயும் கூட்டிப் போகாதவர், மழைக்காலம் முடிந்ததும் கடலோரமாகவே ஒரு மாதம் சுற்றலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வேனின் ஜன்னல்களுக்கு மஞ்சள் திரை தைத்து மாட்டினாள். நடுவில் இருந்தது ஒரே ஒரு கண்டம், தகுதிச் சோதனை. அடித்தளம் துருப்பிடித்திருந்தால் வண்டியை ரோட்டில் விடமாட்டார்கள். பிறகு பழைய இரும்புக் கடைதான் கதி.

வண்டியை நிறுத்தக் கொட்டகை கிடையாது. சுவரோரம் வெட்டவெளியில் நின்றது. மழைக்கு முன்னால் அதைக் கட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். காலையில் உள்ளும் புறமும் தண்ணீர் அடித்துக் கழுவினார். மத்தியானம் மேகம் கூடியதும் அவசர அவசரமாக, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தார். குனிந்தபோது கதவுகளின் அடிவிளிம்பிலும் படிக்குக் கீழேயும் சின்னச் சின்ன ஓட்டைகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றையும் பசை வைத்து அடைத்தார்.

“அதை ஏன் அடைக்கறீங்க? செஞ்சவன் ஏதோ காரணமாத்தானே ஓட்டை போட்டிருப்பான்” என்றாள் மனைவி.

“அந்தக் காலத்துல அவனுக்கெல்லாம் பேக்கிங் தெரியாது.”

“வண்டி இன்னும் ஈரமா இருக்கே. காயட்டுமே.”

“மழை வருதுல்ல. நீ துணியைப் பாரு, நான் வண்டியைப் பாக்கறேன்.”

அவள் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இருபது வருடமாக. உள்ளே போனாள். பொழுது சாய்வதற்குள் வேன் ஒரு பெரிய மிட்டாய் மாதிரி சுற்றப்பட்டு நின்றது. முன்னாலும் பின்னாலும் முறுக்கிக் கட்டியதில் அந்தச் சாயல் வந்துவிட்டது. அவர் மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார்.

மழை இரண்டு மாதம் பெய்தது. வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், அடுக்களை ஜன்னல் வழியே அவளுக்கு வேன் தெரியவில்லை. பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்து, முத்து முத்தாக இறங்கிக்கொண்டிருந்தது.

“உள்ள வேர்க்குது” என்றாள்.

“வேனுக்கு எப்படிடீ வேர்க்கும்? வெளிய தொட்டுப் பாரு, சொட்டு ஈரம் இல்ல.”

“நனைஞ்ச போர்வையை மடிச்சு மூட்டை கட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வெளிய தொட்டா அதுவும் காய்ஞ்சுதான் இருக்கும்.”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவள் தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி வெல்டர். சோதனைக்குப் பதினாறு நாள் இருக்கையில் வந்து சேர்ந்தான்.

“அத்தான், இது வண்டியா, பார்சலா? எங்க அனுப்பறீங்க?”

“பாத்து அறு. தாள் கிழிஞ்சிடப் போகுது” என்றார் கட்டுக்காரர்.

தாளை அறுத்ததும் ஊறவைத்து மறந்த துணியின் வாடை வந்தது. மஞ்சள் திரைகளில் கரும்புள்ளிகள். வெல்டர் கதவுக்குக் கீழே இருந்த பசையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நிற்கும் என்று பார்த்தார்கள், நிற்கவில்லை. அவள் போய் ஒரு பக்கெட் எடுத்து வந்து வைத்தாள்.

“மீன் ஏதாவது வளர்த்தீங்களா அத்தான்?”

வெல்டர் படிக்கட்டின் கீழ்த்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். அது பன்னுக்குள் போவதுபோல் உள்ளே போனது.

“உள்ள போன தண்ணி வெளிய வரத்தான் அந்த ஓட்டை. நீங்க வாசலைப் பூட்டிட்டீங்க” என்றான். “ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும். அடித்தளம் தப்பிச்சா சோதனைக்குப் போலாம். இல்லன்னா இல்ல.”

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் வேலைக்குப் புறப்படும்போது, அவர் வேனுக்கு அடியில் கம்பித் தூரிகையோடு மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன.

“திரையை என்ன செய்யறது?” கால்கள் கேட்டன.

“நான் பாத்துக்கறேன். நீங்க எல்லாக் கதவையும் திறந்து போடுங்க. வெயில் போற வரைக்கும் மூடக் கூடாது.”

“சரி.”

கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் இவ்வளவு சின்னதாக அவர் பதில் சொன்னதில்லை. அவள் நின்று, அந்தச் ‘சரி’ இன்னொரு முறை வருமா என்று காது கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

பத்து நாள் அப்படியே போயிற்று. துருவைச் சுரண்டுவது அவர் வேலை. தம்பி தகட்டை வெட்டி ஒட்டினான். வெல்டிங் ஆறியதும் துருத்தடுப்புப் பெயிண்ட் பூசி, அடித்தளத்தின் உட்பொந்துகளில் உருக்கிய மெழுகை நீள ஊசிக்குழாயால் பீய்ச்சினார்கள். அடைத்த ஓட்டைகளையெல்லாம் அவரே கம்பி விட்டுத் திறந்தார். மேலே போர்த்த, காற்று புகும் துணியில் அவள் ஓர் உறை தைத்தாள், சக்கரத்துக்கு மேலேயே நிற்கும்படி. பழக்கதோஷத்தில் அவர் அதைக் கீழே இழுத்து முடிச்சுப் போடப் போனார். அவள் ஜன்னலிலிருந்து தொண்டையைச் செருமினாள். கையை எடுத்துவிட்டார்.

சோதனை நாளில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். சோதனை அதிகாரி சின்னச் சுத்தியலோடு கீழே போனார். டங், டங் என்று ஒவ்வொரு தட்டுக்கும் கட்டுக்காரரின் தோள் குலுங்கியது. பின்னால் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் விடுப்புக் கடிதத்தின் நகல் இருந்தது. வண்டி தேறாவிட்டால் திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பிவிடுவதாகச் சலவைக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள், அவருக்குத் தெரியாமல்.

ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. அதிகாரி திரும்பத் தட்டினார். டார்ச் அடித்தார், விரலால் சுரண்டினார், மோந்து பார்த்தார்.

“மெழுகா?”

“மெழுகுதான் சார்.”

அதிகாரி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். “அடித்தளம் கெட்டியா இருக்கு. வெளியில நிக்கற வண்டின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. யார் பாத்துக்கறது?”

“நான்தான்” என்றார் கட்டுக்காரர். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். “நான்தான், இவங்க சொல்றபடி.”

அதிகாரி சான்றிதழில் முத்திரை குத்தினார். அவள் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குப் போய் மூட்டை முடிச்சு எடுத்துக்கலாமா?” என்று கேட்டார் அவர்.

“எல்லாம் பின்னாலதான் இருக்கு, வண்டிய எடுங்க” என்றாள்.