கோபித்துக்கொண்டு மலைக்குப் போனவள்

கள்ளக்குறிச்சியில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன வானொலி நிலையத்தில் நான் ஆறு வருடங்கள் கேள்வி பதில் நிகழ்ச்சி செய்தேன். இரண்டு அறை, பின்பக்கம் ஒரு கோபுரம், அவ்வளவுதான் நிலையம். பக்கத்து ஊர்களைத் தாண்டினால் கரகரப்புதான். ஆனால் கல்வராயன் மலையில் எங்களைப் பார்த்தபடி இருக்கிற ஊர்களில் டவுனைவிடத் துல்லியமாகக் கேட்கும்.

காலை பதினொரு மணிக்கு நேயர்கள் போன் செய்வார்கள். நானும் என்னோடு நிகழ்ச்சி செய்த ஒருத்தியும் புருஷன் பெண்டாட்டி போலப் பேசிப் பதில் சொல்வோம். நான் ஏடாகூடமாக ஏதாவது சொல்ல வேண்டும், அவள் என்னைத் திட்டிவிட்டுச் சரியானதைச் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஒருமுறை அரிசி மில்லில் வேலை பார்க்கும் ஒருவன் கேட்டான். "தங்கச்சி கல்யாணங்க. மொதலாளி லீவு தர மாட்றாரு. இன்னா பண்றது?" வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள் என்றேன். "இவர் பேச்ச கேட்டு இருக்கற வேலைய வுட்டுடாத தம்பி" என்றாள் அவள். "மொத பத்திரிகைய அவர் கையில குடு. நீங்க வந்து நின்னாதான் எங்களுக்கு மரியாதைன்னு சொல்லு. அப்புறமா லீவு கேளு." அடுத்த மாதம் அவனே கூப்பிட்டு, முதலாளி குடும்பத்தோடு வந்திருந்ததைச் சொன்னான்.

மைக் அணைந்ததும் நான் அவளுக்கு 'பாய்', அவள் எனக்குத் தங்கச்சி. கடைவீதியில் எங்கள் வீட்டார் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். கல்லாவில் உட்காரப் பொறுமை இல்லாத நான் இந்த வேலைக்கு வந்துவிட்டேன். அவள் திருநாவலூர்க்காரி. அவள் கணவருக்கு மூங்கில்துறைப்பட்டில் ஆலை வேலை. அவளுடைய வேலைக்காகக் கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு எடுத்துக்கொண்டு, அவர் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலிக்கிறது என்று சொல்லி சீக்கிரம் கிளம்பினாள். மறுநாள் காலை அவளை எழுப்ப முடியவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். முப்பத்து நான்கு வயது. நானும் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "சிரிப்பு நிகழ்ச்சி. எடுத்த எடுப்புல சாவுன்னு சொல்லாதீங்க. லீவுல இருக்காங்கன்னு சொல்லி வைங்க, மெதுவா பாத்துக்கலாம்" என்றார். சரி என்று உள்ளே போனேன். முதல் அழைப்பே "அக்கா எங்க?" என்றுதான் வந்தது. லீவு என்ற சொல் வாய்வரை வந்தது. நான் வேறு சொன்னேன்.

"அத ஏன் கேக்கறீங்க! என்கூட சண்ட போட்டுக்கினு மலை மேல அம்மா வூட்டுக்குப் போய்ட்டாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. அன்று வந்த எல்லா அழைப்பும் அதைப் பற்றித்தான். ஒருவர் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு அம்மா "மொத மன்னிப்பு கேளுங்க, பூவெல்லாம் அப்புறம்" என்றார். நானும் தினம் ஒன்று சேர்த்துக்கொண்டே போனேன். பாதி மலை ஏறினேன், பஸ் நின்றுவிட்டது என்பேன். அவள் மரவள்ளித் தோட்டத்தில் ஒளிந்துகொண்டு வர மாட்டேன் என்கிறாள் என்பேன். நேயர்கள் கூடினார்கள். பொறுப்பாளருக்கும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கோ அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்வரை அவள் மலையில் இருந்தாள். வீட்டில் என் மனைவி மட்டும் ஒருநாள் சொன்னாள். "போதுங்க. கேக்கறதுக்கு எனக்கு பயமா இருக்குது."

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அவள் கணவர் ஆலைக் காக்கிச் சட்டையோடு நிலையத்துக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க மேல கோவம் இல்ல பாய். உங்க பாடு உங்களுக்கு. புள்ளையாலதான் வந்தேன்."

"பாப்பாவுக்கு இன்னா?"

"அது ஸ்கூலுக்குப் போவாம பக்கத்து வூட்ல ரேடியோ கேட்டுக்கினு இருக்குது. அம்மாவுக்கு மலையில இன்னொரு வூடு இருக்கான்னு கேக்குது. பொதச்ச எடத்துல அதுவும்தான் நின்னுச்சி. அத சொன்னா, ரேடியோல பொய் சொல்வாங்களான்னு திருப்பிக் கேக்குது. நேத்து பையில துணி எடுத்து வெச்சிக்கினு, மலைக்குப் போலாம் வாப்பான்னு நிக்குது. நான் இன்னா சொல்லட்டும்?"

அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அன்று யாரையும் கேட்காமல் மைக்கை இழுத்துக்கொண்டேன். அவங்க மலையில் இல்லை என்றேன். இறந்து இரண்டு மாதம் ஆகிறது, இத்தனை நாளும் நான் சொன்னது பொய், அவங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அது கேட்டுக்கொண்டிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். போன் வெகுநேரம் சும்மா கிடந்தது. பிறகு மலையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தினமும் "அக்கா எப்ப வருவாங்க" என்று விடாமல் கேட்டவள்.

"எங்களுக்குத் தெரியும்ணா. கீழ ஆஸ்பத்திரிக்கு வந்த ஜீப்காரர் ரெண்டாவது வாரமே வந்து சொல்லிட்டாரு."

"தெரிஞ்சும் ஏம்மா தெனம் கேட்ட?"

"நீங்க சொல்லும்போது அவங்க இங்கதான் எங்கயோ இருக்கற மாதிரி இருந்துச்சி. நாங்க கேக்காம வுட்டா நீங்க ஒடஞ்சி பூடுவீங்கன்னு எங்க வூட்ல பேசிக்கினோம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபரப்பைக் கவனிப்பவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டார். அவள் இறந்த பிறகு நான் அழுதது அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் கணவர் மகளை அழைத்து வந்தார். குழந்தை அம்மாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. கால் தரைக்கு எட்டவில்லை.

"எல்லாமே பொய்யா மாமா?"

"மலைக்குப் போனது பொய்தான்."

"அம்மா உங்கள தோசக் கரண்டியால அடிச்சாங்கன்னு சொன்னீங்களே?"

"அதுவும் பொய்."

"எம்பொண்ணு நல்லா படம் போடும்னு அம்மா ஒருநாளு சொன்னாங்க. அது?"

"அது நெசம்."

நம்பாமல் பார்த்தது. பழைய பதிவுகளைத் தேடி, அந்த நாளைக் கண்டுபிடித்துப் போட்டேன். "எம்பொண்ணு மயில் வரைஞ்சா மயில் மாதிரியே இருக்கும், இவர் வரைஞ்சா கோழி மாதிரி இருக்கும்" என்று அவள் சிரித்தாள். அவர் எழுந்து வெளியே போனார். குழந்தை இன்னொரு முறை போடச் சொன்னது. மூன்றாவது முறை போடக் கை நீட்டியபோது, "போதும் மாமா" என்று இறங்கிவிட்டது. அந்தப் பதிவுத் துண்டை அவர் போனுக்கு அனுப்பி வைத்தேன்.

எனக்கு ஜோடியாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள். நன்றாகத்தான் பேசினாள். மூன்று வாரத்துக்குமேல் என்னால் முடியவில்லை. இப்போது காலையில் விவசாயச் செய்தி வாசிக்கிறேன், மழை, மரவள்ளி, மக்காச்சோளம் என்று. கேள்விகள் இன்னும் வருகின்றன. அந்த நிகழ்ச்சி இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

அவள் கணவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு மூங்கில்துறைப்பட்டுக்கே போய்விட்டார். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் பேசினார்.

"பாப்பா எப்படி இருக்குது?"

"ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்குது பாய். இங்க உங்க ரேடியோ எடுக்கல. கொர்ருன்னு சத்தம்தான் வருது."

போனில் இருக்கும் அம்மா குரலைப் பாப்பா போட்டுக் கேட்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஆலைச் சங்கு ஊதியது. வேலைக்குப் போகணும் பாய் என்று அவர் வைத்துவிட்டார்.