பதினைந்தாவது இலக்கம்

எதிர்வீட்டுக்காரரிடம் அவருடைய பழைய போனை விலைக்கு வாங்கினேன். அட்டைப்பெட்டி இல்லை, பில் மட்டும் இருந்தது. போனின் பதினைந்து இலக்க அடையாள எண்ணைக் கடைக்காரர் அதில் கையால் எழுதியிருந்தார். பத்திரிகையில் பிழை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு எண்கள் கிடைத்தால் ஒப்பிடாமல் இருக்க முடியாது. திரையில் தெரிந்த எண் நான்கில் முடிந்தது, பில்லில் இருந்தது ஐந்தில். மற்ற பதினான்கும் ஒன்றே.

இந்த எண்ணின் கடைசி இலக்கத்தை யாரும் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. அதற்கு முந்தியதில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக இரட்டிக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலும் வகுபடாது. போனின் எண் வகுபட்டது. பில்லின் எண்ணில் ஒன்று மிஞ்சியது. அப்படியோர் எண்ணோடு எந்தப் போனும் இருக்க முடியாது.

பில் போலி, போன் திருட்டு என்று முடிவுகட்ட எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று மாலையே, திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் நண்பர் கூப்பிட்டார். சம்பா சாகுபடி கைவிட்டதால் எதிர்வீட்டுக்காரர் அங்கே வேலை கேட்டிருந்தார்.

"சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னாடி ஆள் வேணுங்க. ரூம் சாவி எல்லாம் அவர் கையிலதான் இருக்கும். நம்பிக் குடுக்கலாமா?"

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் எதிர்வீட்டு வாசலில் நின்று பில்லைப் பற்றிக் கேட்டேன்.

"கடையில குடுத்ததுதான் சார். கோயிலுக்குப் போற வழியில வாங்கினேன்."

என் முகத்தைப் பார்க்காமல் பைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் பில்லைப் பார்த்ததும் சிரித்தார்.

"என் கையெழுத்துதாங்க. போனுக்குள்ள இருக்கிற நம்பரை ஒன்னொன்னா கூட்டிப் பாருங்க."

அறுபத்திரண்டு. ஆறும் இரண்டும் எட்டு. பில்லில் ஒன்று கூடி ஒன்பது.

"எட்டு வந்தா சனி கூடவே வரும்னு போனை வச்சிட்டுப் போயிடுறாங்க. அதான் கடைசி நம்பரை ஒன்னு ஏத்தி எழுதிடுவேன்."

"போனுக்குள்ள எட்டுதானே இருக்கு?"

"அதை யாருங்க நோண்டிப் பார்க்கிறா? உங்கள மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர்."

அப்போதும் நம்பவில்லை. பில் புத்தகத்தை வாங்கி மேலும் நான்கு எண்களைச் சரிபார்த்தேன். இரண்டு வகுபடவில்லை. இரண்டிலும் மிஞ்சியது ஒன்று. இரண்டின் இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பது.

கடை வாசலிலிருந்தே நண்பரை அழைத்தேன். "தாராளமா குடுக்கலாம்."

"நேத்தே வேற ஆளை வச்சாச்சுங்க. பத்திரிகைக்காரர் ரெண்டு நாளா வாயே திறக்கலன்னா, எதையோ சொல்லத் தயங்குறார்னுதானே அர்த்தம்?"

வீடு திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"லாட்ஜ்லேந்து இன்னும் ஒன்னும் சொல்லல சார். அவர் உங்களுக்குப் பழக்கம்தானே, ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"சொல்றேன்" என்றேன்.