மண் என்று நான் கத்தவில்லை

சைக்கிள் ரேஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எங்கள் பீர்க்கன்கரணையில் முதல் கேள்வி, "இந்த வயசுலயா?" இரண்டாவது, "வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையா?" இரண்டுக்கும் நான் சிரித்து மழுப்புவேன். நாளெல்லாம் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைக் குழாயில் நிரப்புகிற ஒருத்திக்கு, முப்பத்தாறு வயதில், வாரத்துக்கு ஒருநாள் வேகமாகப் போக வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் கதை. இதில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. விளக்க வேண்டியது வேறொன்று. அதைத்தான் எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கள் குழுவில் எட்டு பேர். ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் பெருங்களத்தூரில் கூடி, முடிச்சூர் வழியாக வெளிவட்டச் சாலைக்குப் போவோம். வரிசையாகத்தான் ஓட்டுவோம். ஒருவரின் பின்சக்கரத்துக்கும் அடுத்தவரின் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார்; ஒட்டி வருகிறவருக்குக் கால் வலி பாதி மிச்சம். இதற்கு 'வீல் பிடிப்பது' என்று பெயர். வீல் பிடிக்கத் தெரியாதவர் ரேஸில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க மாட்டார்.

ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டு போகிறவருக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் முதல் ஆள் கத்த வேண்டும். "குழி!" "மாடு!" "மண்ணு!" எந்தப் பக்கம் என்று கையைக் காட்ட வேண்டும். இரண்டாவது ஆள் அதைத் திருப்பிக் கத்த வேண்டும், பிறகு மூன்றாவது ஆள், கடைசி ஆள் வரைக்கும். புதிதாக யார் வந்தாலும் முதல் மாதம் கியரைப் பற்றிப் பேச்சே கிடையாது, தொண்டைப் பயிற்சிதான். போட்டி வைத்தாலும் எல்லைக்கோடு தாண்டும் வரை கத்துவது நிற்கக் கூடாது என்பது எங்கள் தலைவரின் சட்டம். அவர் ஓய்வு பெறப்போகிற தபால்காரர். மற்ற எதிலும் சட்டம் பேசாத மனிதர்.

குழுவில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு இருபத்தொரு வயது. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். இப்போது பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள். அம்மா மீன் விற்கிறார். எனக்கு சைக்கிள் பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படியில்லை. அடுத்த மாதம் மாநிலத் தேர்வு இருந்தது. அதில் தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி உண்டு. அந்த வருடத்தோடு அவளுடைய வயது வரம்பு முடிகிறது. என்னை அக்கா, அக்கா என்று வாய்நிறையக் கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டே கடைசி இருநூறு மீட்டரில் என்னைத் தாண்டிப் போய்விடுவாள். எனக்கு அவள் மேல் பாசமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. பாசத்தை மட்டும் காட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிறு தலைவர் போட்டி வைத்தார். கடைசிக் கட்டத்தில் நானும் அவளும் மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டோம். நான் முன்னால், அவள் என் வீலில். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது சாலையின் இடது ஓரத்தில், டிப்பர் லாரியிலிருந்து கொட்டியிருந்த எம்-சாண்ட் மணல் சாம்பல் நிறத்தில் நீளமாகக் கிடந்ததைப் பார்த்தேன். கத்துவதற்கு நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. கத்தவில்லை. கையும் காட்டவில்லை. கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தேன். அவள் தடுமாறுவாள், இரண்டடி எனக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். விழுவாள் என்று நினைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வேகத்தில் மண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாததில்லை.

அவளுடைய முன்சக்கரம் வழுக்கி என் பின்சக்கரத்தில் அடித்தது. இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு வலது தோளில் காறை எலும்பு முறிந்தது. அவளுக்கு வலது முழங்கை நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்தார்கள், மறுபடி திறந்து மாற்றி வைத்தார்கள். மாநிலத் தேர்வு நடந்த அன்று அவள் கட்டிலில் இருந்தாள்.

எல்லோரும் லாரிக்காரர்களைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே திட்டினேன் என்றுதான் ஞாபகம். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்து, "நீயும்தானே பாவம் விழுந்தே" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒருநாள் அவளுடைய அம்மா வந்தார். அவ்வளவு தூரம் இரண்டு பஸ் மாறி, எவர்சில்வர் தூக்கோடு. நான் கதவைத் திறந்ததும் கழுத்தில் மாட்டியிருந்த என் கைத்தொட்டிலைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னா கண்ணு, இப்டி எளச்சிப் பூட்டியே! எம் பொண்ணுதான் சொல்லிச்சு, அக்காவும் அடிபட்டுகினு கீறாங்க, போய்ப் பாத்துட்டு வாம்மான்னு. பால்சுறா புட்டு கீது. அடிபட்ட ஒடம்புக்கு இத்த உட்டா வேற மருந்து கெடியாது. துன்னு."

என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். பூண்டு தூக்கலாக, ரொம்ப நன்றாக இருந்தது. தூக்கைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அவர் படி இறங்கிப் போனதும் குளியலறைக்குப் போய் அவ்வளவையும் வாந்தி எடுத்தேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

எலும்பு கூடியது. டாக்டர் சரி என்றதும் சைக்கிளை எடுத்தேன். ஏரியைச் சுற்றித் தனியாக ஓட்டும்போது ஒரு பயமும் இல்லை. கைவிட்டு ஓட்டினேன், ஈரத்தில் ஓட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு குழுவோடு போனேன். முடிச்சூர் தாண்டவில்லை, அதற்குள் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவரின் பின்சக்கரத்தை நெருங்க முடியவில்லை. ஒரு முழம் மூன்றடி ஆனது, மூன்றடி பத்தடி ஆனது. விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. சமதரையில், காலில் தெம்பு இருக்கும்போதே, வரிசையிலிருந்து கழன்று பின்னால் போனேன். அடுத்த வாரமும் அப்படியே. நான்கு மாதம் அப்படியே. நடுவில் ஒரு போட்டியில் பெயர் கொடுத்துவிட்டு, முதல் சுற்றிலேயே தனியாகி, வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. மூச்சை எண்ணு என்றார் ஒருவர். எதிர்வீட்டு அம்மா கண்திருஷ்டி என்று சொல்லி ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். அதைக் கட்டிக்கொண்டு காய்கறி வண்டி மாதிரி வெளிவட்டச் சாலையில் போனதும் நடந்தது. வீட்டுக்காரர், "விட்டுடேன், உனக்கென்ன மெடலா குத்தப் போறாங்க?" என்றார். தலைவர்தான் கொஞ்சம் உருப்படியாகச் சொன்னார்: "சக்கரத்தப் பார்க்காதம்மா. முன்னாடி போறவர் இடுப்பப் பாரு. ஆளு எங்க போவான்னு இடுப்பு சொல்லிடும்."

இடுப்பைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு என் வியாதி புரிந்தது. நான் விழுவதற்குப் பயப்படவில்லை. முன்னால் போகிற இந்த மனிதருக்குக் குழி தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இவர் சொல்லாமல் விட்டால் என் கதி என்ன என்பதுதான் என் பயம். மற்றவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே வராது. எங்கள் குழுவில் அப்படிச் செய்த ஒரே ஆள் நான். அதனால் அது நடக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவளைப் பார்க்கப் போனேன். அப்போது அவள் மேடவாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை முழுதாக நீளாது. சாமான்களை இடது கையால் இழுத்து ஸ்கேன் செய்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றோம். வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை.

"மண்ண நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் கத்தல" என்றேன்.

அவள் சோற்றுடப்பாவை மூடினாள்.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"நீ வலது பக்கம் நவுந்தியே. மண்ணப் பாக்காதவ எதுக்கு நவுறணும்? ஆஸ்பத்திரில படுத்துகினு வேற இன்னா வேல? அதையேதான் ரோசன பண்ணிகினு இருந்தேன். அம்மாவ உன்னாண்ட அனுப்பனதே அதுக்கோசரம்தான். அது மூஞ்சப் பாத்தா நீயே சொல்லிடுவன்னு நெனச்சேன். நல்லா துன்னாங்கன்னு வந்து சொல்லிச்சு."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். பாதியில் நின்றது.

"மன்னிச்சா இது நிமுருமா? சரி, எட்டு மாசம் கம்முனு இருந்துட்டு இப்ப எதுக்கு சொல்ற?"

அப்போதாவது நான் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சலித்துப்போயிருந்தேன்.

"என்னால யார் வீலும் பிடிக்க முடியல" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் யாரிடமும் வாங்கியதில்லை. "அதுக்கா வந்த? என் கைக்கோசரம் வர்ல. உன் ரேஸுக்கோசரம் வந்துகீற."

உண்மை. நான் மறுக்கவில்லை. மணி அடித்ததும் அவள் உள்ளே போகத் திரும்பினாள். பிறகு நின்று, "ஞாயித்துக்கெழம நானும் வரேன். என் கையப் பாத்து பாவம்னு எவனும் கூப்டறதே இல்ல. நீ எல்லார் முன்னாலயும் இத்த சொல்லணும். சொன்னாத்தான் வருவேன்" என்றாள்.

சொன்னேன். பெருங்களத்தூரில் டீக்கடைக்கு எதிரே, அவளையும் சேர்த்து எட்டு பேரும் ஹெல்மெட்டோடு நிற்கும்போது, மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ஒருவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார்; அதில் காற்று சரியாகத்தான் இருந்தது. தலைவர் ஹெல்மெட் வாரை இறுக்கினார். "நேரமாவுது, கெளம்பலாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு பேர் என் பின்னால் வருவதில்லை. வரிசையில் நான் வந்தால் இடம் மாறிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அன்று காலையே எனக்குச் சரியாகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது. தலைவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் வரை நெருங்கினேன், பிரேக்கில் விரல் போகவே இல்லை. அவர் "குழி!" என்றார், நானும் "குழி!" என்றேன், அவர் சொன்ன இடத்தில் குழி இருந்தது. மற்றவர்கள் எப்போதும்போல ஒழுங்காகத்தான் இருந்தார்கள். இவ்வளவு சுலபமான மருந்தை எட்டு மாதம் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு போட்டிகளுக்கும் போனேன். ஒன்றில் கடைசி வரை கூட்டத்தோடு இருந்து பதினோராவதாக வந்தேன். தைரியம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று தைரியமாகவே சொல்லலாம்.

அவளும் ஞாயிறுதோறும் வருகிறாள். வளைந்த கைக்கு ஏற்ற மாதிரி ஹேண்டில்பாரை உயர்த்திக்கொண்டிருக்கிறாள். இனி அவளுக்குப் போட்டி கிடையாது. வரிசையில் எப்போதும் எனக்குப் பின்னால் அடுத்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்வாள். வேறு யாராவது வந்தால் விடமாட்டாள். நான் தொண்டை வறளக் கத்துகிறேன், ஒரு செருப்பு கிடந்தால்கூடக் கத்துகிறேன். அவளும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறாள். ஆனால் என் வீலை மட்டும் பிடிப்பதில்லை. எங்களுக்கு நடுவில் எப்போதும் இரண்டு சைக்கிள் நீளம் இருக்கும். நான் வேகத்தைக் குறைத்தால் அவளும் குறைப்பாள். வா, ஒட்டிக்கோ என்று ஒருமுறை கையசைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவு தள்ளி வந்தால் என் முதுகு அவளுக்குக் காற்றை மறைக்காது. அந்த உதவாத கையை வைத்துக்கொண்டு, எல்லாக் காற்றையும் தன் நெஞ்சிலேயே வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் கிடக்கிற சாலையைத் தானே பார்த்தபடி வருகிறாள்.