தூக்கத்துக்கு ஒரு சாட்சி

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் திணறி நின்று, மறுபடி உறுமும்போதெல்லாம், கால் முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நினைவுக்கு வருகிறார்.

உப்பு மூட்டைக்கு வாய் தைப்பவர். பெருத்த உடம்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்திருந்தார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார்: "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? வீட்டுல கேட்டுச் சொல்லுங்க."

"வீட்டுல யாரும் இல்லீங்க."

டாக்டரம்மா போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, மதியம் தூங்குவேன். பாத்துச் சொல்றியா?"

பார்த்தேன். குறட்டை நின்றது, மார்பு அசையவில்லை. உலுக்கக் கை நீட்டினேன். மூச்சு வெடித்துத் திரும்பியது. திரும்பத் திரும்ப அப்படியே.

"நிக்குதுண்ணே."

"நிக்கலன்னு சொல்லிடுப்பா. இந்தக் குடல வச்சிக்கினு குனிஞ்சு தைக்க முடியல."

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். இங்கே மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே துணைக்கு ஆள் இருந்தால்தான் சேர்ப்பார்களாம்.

வீட்டுக்கே திரும்பப் பையோடு கிளம்பியவர் என் கட்டிலருகே வந்து நின்றார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"இத்தினி நாளு மூச்சு நிக்கிறது தெரியாம தூங்கிட்டேன்பா. இனிமே எப்படித் தூங்குறது?"