‘வாறம்’ என்று சொல்லிவிட்டார்

நான் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ட்ராம் ஓட்டியவள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். எங்கள் ஆட்களில் சிலர் கோயிலில் என்னைக் கண்டால், "அக்கா, நீங்கள் ட்ராமிலை டிக்கெட் பாக்கிற வேலையோ?" என்று கேட்பார்கள். "இல்லைத் தம்பி, ட்ராமையே ஓட்டுற வேலை" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். கேட்டவர் என்னையும் என் சேலையையும் இன்னொரு தடவை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே சில நாட்கள் கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

எனக்குப் பென்சன் வர இன்னும் ஒரு குளிர்காலம் இருந்தபோது நடந்த கதை இது. என் கணவருக்கு அதற்கு முன்பே பென்சன் வந்துவிட்டது. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க நின்று வேலை செய்த மனுஷன். பென்சனோடு முழங்கால் வலியும் சேர்ந்து வந்தது. ஆப்பரேசன் செய்தால் நன்றாக நடக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இவருக்குக் கத்தி என்றால் பயம். ஆனால் பயம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். பழியைத் தூக்கிக் குளிரின் தலையில் போட்டார்.

"குளிர்தான் என்ரை வருத்தம். வெக்கையான நாட்டிலை போய் இருந்தால் எல்லாம் சுகமாகும்."

"அப்ப யாழ்ப்பாணத்துக்குப் போவமே?" என்று கேட்டேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்றார். அதுவும் உண்மைதான். அங்கே எங்களுக்கு இருந்த வீடு இப்போது இல்லை. இருந்த சொந்தங்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் பிராங்பேர்ட்டில் ஒரு பெரிய ஹோட்டலில், தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பது பற்றி ஒரு மாலைக் கூட்டம் என்று எங்கேயோ பார்த்து எங்கள் இருவருக்கும் இடம் பதிந்துவிட்டார். போனோம். வாசலில் கோட்டுப் போட்ட ஒரு ஜேர்மன் பெண் கைகொடுத்து, ஆளுக்கொரு கிளாஸ் ஸெக்ட் வைன் தந்து, என் கணவருக்குக் கதிரையை இழுத்துவிட்டாள்.

இவர் அந்தக் காலத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு மெல்லிய சட்டையோடு அகதியாக வந்து இறங்கியவர். அன்றைக்கு இவரை வா என்று அழைத்தவர் ஒருவரும் இல்லை. எப்போது போவாய் என்று கேட்டவர்கள்தான் அதிகம். இன்றைக்கு அதே ஆளுக்கு முன்னால் ஒரு கம்பனி திரையைக் கட்டி, படம் போட்டு, இந்த வீடு பிடிக்கிறதா, அந்தக் கடற்கரை பிடிக்கிறதா என்று கெஞ்சுகிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தாய்லாந்தில் எனக்கு ஒரு துளி ஆசையும் இல்லை. ஆனாலும் அந்தக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன்.

நீச்சல் குளம், ஐந்து மாடிக் கடைத்தொகுதி, இரவுச் சந்தை, பாட்டுக் கச்சேரி, ஜேர்மன் மொழியான டொச் பேசும் டொக்டர் என்று எல்லாம் காட்டினார்கள். முடிந்து புறப்படும்போதுதான் விஷயம் பிசகியது. எங்கள் வழக்கத்தில் விடைபெறும்போது ‘போறம்’ என்று சொல்லமாட்டோம். ‘வாறம்’ என்றுதான் சொல்வோம். இவரோ இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் தமிழில் நினைத்து டொச்சில் பேசுகிறவர். "சரி, அப்ப வாறம்" என்பதை அப்படியே டொச்சாக்கி, "குட், வீர் கொம்மன்" என்றார். ஜேர்மன்காரருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: நல்லது, நாங்கள் வருகிறோம்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்ப் எரிந்தது. இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். இன்னொரு கிளாஸ் தந்தாள். தன்னோடு வேலை செய்பவரையும் கூப்பிட்டு அறிமுகம் செய்தாள். ஜேர்மன்காரர் இவ்வளவு அன்பாக வழியனுப்பி இவர் கண்டதே இல்லை. நெகிழ்ந்துபோய், "வீர் கொம்மன், வீர் கொம்மன்" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. இரண்டு வாரம் தங்கிப் பார்ப்பதற்குத் தை மாதத்தில் உங்களுக்கு ஒரு வீடு ஒதுக்கியாயிற்று, வாழ்த்துகள் என்றாள் அந்தப் பெண்.

"நீங்கள் வாறம் எண்டு சொன்னதைத்தான் அவள் பிடிச்சுக்கொண்டிருக்கிறாள். ஆளைக் கூப்பிட்டு விளக்கிச் சொல்லுங்கோ" என்றேன்.

"அதெப்படி? சொல்லிப்போட்டு இனி ஏலாது எண்டால் தமிழரைப் பற்றி என்ன நினைப்பினம்?"

முழுத் தமிழினத்தின் மானமும் என் கணவரின் நாக்கில் தொங்கிக்கொண்டிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. உள்ளுக்குள் அவருக்கு நல்ல சந்தோஷம் என்பது மட்டும் தெரிந்தது. நானும் லீவு போட்டேன். போனோம்.

உள்ளதைச் சொல்லவேண்டும், நல்ல இடம். வெள்ளை வீடுகள், முற்றம் நிறையப் பூ, கடைத்தொகுதிக்குப் போய்வரத் தனி பஸ். எங்கும் பென்சன் எடுத்த ஜேர்மன்காரர்கள். இவர் முதல் நாளே கிளிகள் போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் இரவுச் சந்தையில் செருப்பு வாங்கினேன். விலையைக் கேட்டு, சிரித்து, திரும்பி நடந்து, கூப்பிட்டதும் மெல்லத் திரும்பி வந்து பாதி விலைக்கு வாங்கியதைப் பக்கத்து வீட்டு ஜேர்மன் பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தியும் நான் இல்லாமல் சந்தைக்குப் போகவில்லை. எனக்குப் பின்னால் ஒரு படையே வந்தது. இப்படியொரு மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பொழுதுபட்டால் கடற்கரை முழுக்க விளக்கும் பாட்டும்தான். பழைய ஜேர்மன் பாட்டுகளைத் தாய்லாந்துப் பெடியன்கள் பாட, வயதான ஜோடிகள் ஆடினார்கள். மூன்றாம் நாள் என் கணவரும் எழும்பி ஆடினார். எங்கள் மகளின் கல்யாணத்தில் கை தட்டவே கூச்சப்பட்டவர், கிளிச்சட்டையோடு, காலைத் தூக்கித் தூக்கி ஆடினார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். வலி இல்லாத அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்த மனுஷனை இனி இங்கிருந்து எப்படிக் கிளப்பப் போகிறேன்? இவர் இங்கே வந்தால் நான் என்ன செய்வேன்?

அன்றைக்கு என் பக்கத்துக் கதிரையில் ஒரு அம்மா இருந்தார். அங்கேயே குடியிருப்பவர். எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஸ்டுட்கார்ட் என்றேன். ட்ராம் ஓட்டுகிறேன் என்றதும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டார். அவர் ஸ்டுட்கார்ட்டின் டெகர்லோக் மேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

"மேட்டுக்கு ஏறும்போது ஒரு திருப்பத்தில் நகரம் முழுக்கக் கீழே தெரியுமே, இப்பவும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். காலையில் பனிப்புகார் இருந்தால் கோபுரங்கள் மட்டும் தெரியும்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நிறுத்தவே இல்லை. எங்கள் பேக்கரிப் பாணைப் போல இங்கே பாண் இல்லை, எங்கள் தண்ணீரின் ருசி வேறு, எங்கள் ஊர்ச் சனம் இப்படிப் பேசாது. கடல் முன்னால் இருக்க, அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். ஜேர்மனியில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களில், ஒவ்வொரு மண்டபத்திலும், ஒவ்வொரு மேசையிலும் இதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். எங்கட கிணத்துத் தண்ணி, எங்கட மாம்பழம், எங்கட சனம். இந்த அம்மாவின் வாயில் அதே கதை டொச்சில் வந்தது. பாவம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு கதவை இழுத்துப் பூட்டிவிட்டேன்.

திரும்பி வந்தோம். குடிவருகிறீர்களா இல்லையா என்று மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று கம்பனிக்காரி கேட்டிருந்தாள். ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து, சப்பாத்தில் பனியோடு வீட்டுக்கு வந்தால், இவர் குசினி மேசையில் வீடுகளின் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார்.

"இந்த வீடு வடிவு. உமக்கும் பிடிக்கும். என்ன சொல்லுறீர்?"

"நான் வரேல்லை" என்றேன். சீருடையைக் கூடக் கழற்றவில்லை. "உங்களுக்கு விருப்பமெண்டால் போங்கோ, மறிக்கமாட்டன். நான் ஒருக்கா ஊரை விட்டு வந்தவள். அப்ப வேறை வழியில்லை. இப்ப என்னை ஆர் துரத்துகினம்? எதுக்கு நான் இன்னொருக்கா ஊரை விடவேணும்?"

அவர் படத்தைக் கீழே வைத்தார். "இன்னொருக்காவோ? எந்த ஊரைச் சொல்லுறீர்?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் ஊர் என்றால் யாழ்ப்பாணம்தான். ஊருக்குப் போகிறோம், ஊரிலிருந்து மிளகாய்த்தூள் வந்திருக்கிறது, ஊரில் மழை என்றுதான் பேசுவோம். ஸ்டுட்கார்ட்டுக்கு எங்கள் வாயில் ஸ்டுட்கார்ட் என்றுதான் பெயர், இல்லாவிட்டால் ‘இங்கை’. இத்தனை வருடத்தில் இருவரில் ஒருவரும் அதை ஊர் என்று சொன்னதில்லை.

வாயில் வந்தது வந்ததுதான். நான் அதை விழுங்கவில்லை.

"இந்த ஊரைத்தான் சொல்லுறன்" என்றேன். "பனியிலை, புகாரிலை இந்த ஊர்ச் சனத்தை வேலைக்குக் கொண்டுபோய் விட்டவள் நான். என்ரை ட்ராமிலை பள்ளிக்கூடம் போன பிள்ளையள் இப்ப தங்கடை பிள்ளையளோடை ஏறுதுகள். நீங்கள் செய்த சாமான் போட்ட காருகள்தான் இந்த ரோட்டெல்லாம் ஓடுது. எங்களுக்கு இதை ஒருத்தரும் சும்மா தரேல்லை. நாங்கள் உழைச்சு எடுத்த ஊர். கிழவியாகிறதெண்டாலும் நான் இங்கைதான் ஆவன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. கோபம் என்றுதான் நினைத்தேன். கோபம் இல்லை, பெருமை. அதை இவ்வளவு பச்சையாக நான் ஒருநாளும் சொன்னதில்லை, எனக்கு நானே கூட.

அவர் படங்களை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தர எழும்பினார். எழும்பும்போது வலித்தது; மேசையைப் பிடித்துக்கொண்டார். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் அடிச்சு, முழங்கால் ஆப்பரேசனுக்கு ஒரு டெர்மின் எடுத்து நாள் குறியும்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான்" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதில்லை. "பயந்தென்ன செய்யிறது? எங்கட ஊரிலை நல்ல டொக்டர்மார் இருக்கினம்."