அத்தை மகளின் படகு

என் அத்தை மகளின் பெயர் ஒரு படகின் மேல் நீல எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. என் பெயர் ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலும் மட்டும்தான் இருந்தது. எங்கள் இருவருக்கும் பத்து வயது; அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்குள் உலகத்தில் இருந்த நல்லதையெல்லாம் அவளுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள் என்பது என் அப்போதைய எண்ணம்.

அப்பா பொழிச்சலூரில் ஃபைபர் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி செய்வார், பூங்காவுக்குச் சறுக்குமரம் செய்வார். ஒருமுறை பல் டாக்டர் ஒருவருக்காக ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் செய்து கொடுத்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஆனாலும் நான் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது. கண்ணாடி இழைத் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும், ரெசின் நெடி நெஞ்சுக்கு ஆகாது என்பார். வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கோடை விடுமுறையில், அத்தையின் கணவரான என் மாமா கோவளத்திலிருந்து தன் பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய எஞ்ஜின் ஓய்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய, கனமான புது எஞ்ஜின் அடுத்த வாரம் வருகிறது. மாட்டுவதற்கு முன்னால், படகு தாங்குமா என்று அப்பா பார்த்துச் சொல்ல வேண்டும்.

லாரி மேல் இருந்த படகுக்குள் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள். கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம் என்று வழி முழுக்க அப்படியே வந்தாளாம். தாம்பரம் சிக்னலில் பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் கையாட்டினார்களாம். இறங்கியதும் முதலில் அதைத்தான் சொன்னாள். "எங்க வூட்டு மேல தெனமும் ஏரோப்ளேன் போவும்" என்றேன் நான். அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

அவளைத் தூக்கி இறக்கிவிட்டது என் அப்பா. கையைப் பிடித்துப் பட்டறைக்குள் அழைத்துப் போனதும் என் அப்பாதான். அரிப்பும் நெடியும் அவளை மட்டும் ஒன்றும் செய்யாது போலிருந்தது. நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது உள்ளே நுழைந்து படகை ஒட்டி நின்றுகொண்டேன்.

படகின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் பலகையில்தான் எஞ்ஜினை மாட்டுவார்கள். வெளியே வழவழவென்று ஃபைபர், நடுவில் ப்ளைவுட். அந்த மரம் தண்ணீர் குடித்து மக்கியிருந்தால், எஞ்ஜின் வேகம் பிடிக்கும்போது பலகையையே பிய்த்துக்கொண்டு போய்விடும். கடல் உள்ளே ஏறிவிடும். இதையெல்லாம் அப்பா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்படி எதையும் அவர் சொன்னதில்லை. ஒட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு சுத்தியல் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். எங்கள் ஊரில் தட்டிக் கேட்பது லேசான வேலை இல்லை. விமானம் இறங்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

"மேல டங்குன்னு கேக்குது. கீய தொக்குன்னு கேக்குது மச்சான்."

"கீய ஃபோம் ரொப்பிகீறாங்கோ, அதான். ஒண்ணியும் ஆவாது" என்றார் மாமா.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. பலகையின் உள்பக்கம் ஒரு பெட்டி மாதிரி அடைப்பு இருந்தது. அதற்குள் மட்டும் மரத்தின் மேல் ஃபைபர் பூச்சு இல்லை, தொட்டுப் பார்க்கலாம். அதில் வட்டமாக ஒரு சின்ன மூடி. திறந்து கையை விட்டார். முழங்கைக்கு மேல் நுழையவில்லை.

"சின்னக் கை வேணும்" என்று திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் நின்றது நான். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "நீ வா கண்ணு" என்றார்.

அவள் தோள்பட்டை வரை கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கெட்டியா கீது மாமா" என்றாள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்று இப்போது சொல்கிறேன்; அன்று வயிற்றுவலி என்றே நினைத்தேன்.

"நானும் பாக்குறேன்."

"நீ எங்க இங்க வந்த? சரி, பாத்துட்டு வெளிய போ."

கையை விட்டேன். என் கை அவள் கையைவிடக் குட்டை. எவ்வளவு எக்கியும் விரல் நுனிக்குக் காற்றைத் தவிர ஒன்றும் படவில்லை. எட்டவில்லை என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது?

"ஈரமா கீதுப்பா" என்றேன். "வெரல வெச்சா உள்ள போவுது."

"பொய் சொல்றா மாமா!" அவள் குரல் கிறீச்சிட்டது.

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ட்ரில்லை எடுத்தார். மாமா, "ஓட்ட போடாத மச்சான், பேஜாரு" என்று கையைப் பிடித்தார். அப்பா கேட்கவில்லை. நான் ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அப்புறம் காய்ந்த மரத்தூள் வர வேண்டும். வந்தது, வடிகட்டிப் போட்ட டீத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ ஒன்று. அதன் பின்னாலேயே தண்ணீர் கோடாக வழிந்தது. அழுகிய நாற்றம்.

மாமா பக்கத்தில் கிடந்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தோட போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்பா என்னை அப்படியே தூக்கிக்கொண்டார். அன்று மாலைக்குள் தெருவில் பாதிப் பேருக்கு, எம் பொண்ணு கைய வெச்சே கண்டுபுடிச்சிட்டா என்று சொல்லியாகிவிட்டது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பலகை நன்றாகத்தான் இருந்தது, நான் சொன்ன பொய்யால்தான் மக்கிவிட்டது என்று உறுதியாக நம்பினேன். அத்தை மகளுக்கு அது தெரிந்துவிட்டது என்றும் நம்பினேன். சாப்பிடும்போது அவள் தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். எதற்கோ அடிபோடுகிறாள் என்று பயந்து அதைத் தொடவே இல்லை.

அப்பா பலகை முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டுப் புது மரம் வைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. கோவளத்தில் புது எஞ்ஜின் மாட்டிய அன்று மாமா, "உசுரக் காப்பாத்துன பொண்ணு" என்று முதல் ஆளாக என்னைத்தான் படகில் ஏற்றினார். அவளைக் கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். அவள் பெயர் எழுதிய படகில் நான் போனேன். அவள் கரையில் நின்றாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்ட அந்த அரைமணி நேரமும், எப்போது கரைக்குத் திரும்புவோம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன வருடம், சிறுசேரியில் வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்திருந்த அத்தை மகளிடம் இதைச் சொன்னேன். எனக்கு எட்டவே இல்லடி, சும்மாதான் சொன்னேன் என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எட்டுச்சு" என்றாள். "வெரலு உள்ள போச்சு. பூ மாதிரி இருந்துச்சு."

எஞ்ஜின் மாட்ட முடியாமல் போனால் அவள் அப்பா மறுபடியும் வெளிமாநிலத்துப் படகுகளில் கூலிக்குப் போவதாக இருந்தாராம். அதற்கு முந்தைய வருடம் அப்படிப் போனவர் எட்டு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பியிருந்தார். அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றுதான் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். தண்ணீர் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது.

கரையில் நின்றவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று அன்று நினைத்தேன். அவள் தன் அப்பா திரும்பி வரும்வரை அந்தப் படகின் பின்பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். அதில் நானும் இருந்ததை அவள் கவனித்தாளா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்தான்.