கோமதிநாயகமும் ஒரு முக்காற்புள்ளியும்

கோமதிநாயகம் இறந்துபோன செய்தி நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடை முன் நின்றிருந்தேன். விளக்கு எரிவது போல ஒரு படம், கீழே அவர் பெயர், பெயரில் ஓர் எழுத்துப்பிழை. அதற்கும் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். பிழை யார் கண்ணிலும் படவில்லை. நான் திருத்தி எழுதத் தொடங்கினேன், பாதியில் அழித்துவிட்டேன். அவரோடு பேச்சை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இறந்த பிறகு பெயரைத் திருத்தப் போனால் திடீரென்று உறவு கொண்டாடுவதுபோல் ஆகிவிடும். "சேனை வேணுமா, வேணாமா சார்? கையில வச்சிக்கிட்டே நிக்கிறீங்களே" என்றார் கடைக்காரர்.

இரங்கல் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன், கடைசி வரிசையில். அவரைக் கணினித் தமிழின் தூண் என்று பேசினீர்கள். அவர் எதற்கும் தூணாக இருந்ததில்லை. தாராவியில் பிறந்தவர், பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு கப்பல் கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை. செம்பூர் திலக் நகரில் சின்ன ஃப்ளாட். அந்த ஃப்ளாட்டில் ஒரு பழைய கணினியை வைத்து, வட்டத்து ஆட்கள் சிலருக்கு மின்னஞ்சல் சர்வர் நடத்தினார். மேடையில் பேசியவர்களில் அநேகம் பேர் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவர்களுடைய கடிதங்கள் மட்டும் அங்கே குடியிருந்தன.

எதற்கு இந்தத் தொல்லை, ஊரெல்லாம் இலவசமாக மின்னஞ்சல் கிடைக்கிறதே என்று முதல் நாளே கேட்டேன். "நம்ம கடுதாசி நம்ம வீட்ல கெடக்கட்டும் சார். அடுத்தவன் வீட்டுப் பரண்ல எதுக்கு?" என்றார். உண்மையிலேயே அது பரணில்தான் இருந்தது. சமையலறைக்கு மேலே, பெரிய இட்லிப் பானைக்குப் பக்கத்தில். மற்ற இடமெல்லாம் ஈரச் சுவர் என்று அவர் மனைவி பேச்சியம்மாள் அதற்கு அந்த இடத்தை ஒதுக்கியிருந்தார். நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர், தற்காலிகம். என் பெயரிலும் ஒரு முகவரி போட்டுக் கொடுத்தார். பெருமையாக இருந்தது. கல்லூரியிலும் அதையே கொடுத்துவைத்தேன்.

சர்வரில் உள்ளதையெல்லாம் வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்கில் நகல் எடுப்பார். அதில் எப்போதும் ஒரு பிழை வரும்: இன்ன கோப்பைக் காணவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்ததும் எங்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டார். புதிதாக வரும் கடிதம் ஒரு பெட்டியில் கிடக்கும். யாராவது திறந்தால் வேறு பெட்டிக்கு மாறும், பெயரும் மாறும். நகல் ஓடும்போது திறந்தால், பழைய பெயரைத் தேடிப் போகும் நிரல் ஏமாந்துவிடும். ஆகவே ஞாயிறு காலை, நகல் எடுக்கும் நேரத்தில், யாரும் கடிதத்தைத் தொட வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொண்டோம், வைத்தியநாதன் சாரைத் தவிர. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், மகன் வெளிநாட்டில். ஒரு ஞாயிறு நான் திலக் நகரில் இருந்தபோது கோமதி அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சார், இப்பக் கடுதாசி எதுவும் திறந்தீங்களா?"

"இல்லையே."

"திறந்த மாதிரி இங்க காட்டுது சார்."

"ஒண்ணே ஒண்ணு பாத்தேம்ப்பா. பையன் எழுதியிருந்தான். அது கூடத் தப்பா? நீ என்ன சர்வர் நடத்தறயா, ஜெயில் நடத்தறயா?"

கோமதி சிரித்துக்கொண்டே போனை வைத்தார். "எரர் நம்மளத் திட்டுத மாதிரிதான் இருக்கும் சார். முழுசாக் கேட்டாத்தான் யாரைத் திட்டுதுன்னு தெரியும்" என்றார். நல்ல வாக்கியம். ஆனால் வாராவாரம் அதே திட்டைக் கேட்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கிழவரோடு சண்டை போட அவருக்கு மனம் இல்லை. நகலெடுக்கும் நிரலில் ஒரு வரி சேர்த்து, பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படாதபடி செய்துவிட்டார். எப்படியும் அது வைத்தியநாதன் சார்தான்.

அடுத்து, நகல் எடுத்துவந்த பழைய டிஸ்க் பழுதாகவே, அதற்குப் பதிலாக அவர் ஒரு புது டிஸ்க் வாங்கினார். மகளின் கல்யாண போட்டோக்களையும் அதிலேயே வைத்திருந்ததால், வீட்டில் எல்லோரும் சொருகிப் பார்க்கும்படி விண்டோஸ் முறையிலேயே விட்டுவைத்தார். அந்த முறையில் கோப்பின் பெயருக்குள் முக்காற்புள்ளி, அந்த மேலும் கீழுமான இரண்டு புள்ளி, வரக்கூடாது. சர்வரிலோ, திறந்த ஒவ்வொரு கடிதத்தின் பெயரிலும் ஒரு முக்காற்புள்ளி சேரும். அதனால் திறக்காத கடிதங்கள் ஒழுங்காக நகலாயின. திறந்தவை ஒன்றுவிடாமல் மறுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நிரல் கத்தியிருக்கும். அதன் வாயைத்தான் ஏற்கெனவே கட்டியாயிற்றே.

ஜூன் மாதத்தின் முதல் பெருமழையில் கரண்ட் போய் வந்து, மறுபடி போய் வந்தது. சர்வரின் டிஸ்க் செத்துவிட்டது. நகலைத் திறந்து பார்த்தால், யாரும் தொடாத விளம்பரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் பத்திரமாக இருந்தன. நாங்கள் படித்தது அத்தனையும் போய்விட்டது.

போனதில் என் கல்லூரி முதல்வர் எழுதிய ஒரு கடிதமும் இருந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து என்னை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் முடிவுசெய்திருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தார். அப்போது நிர்வாகம் என்னை வெளியே அனுப்பி, தன் உறவுக்காரர் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தது. முதல்வர் அப்படி ஒரு கடிதமே எழுதவில்லை என்றார். தீர்ப்பாயத்தில் என் வழக்கு அந்த ஒரு கடிதத்தின் மேல் நின்றது. அச்செடுத்து வைத்திருக்கலாமே என்று உங்களில் சிலர் பிறகு புத்தி சொன்னீர்கள். சொன்னவர்கள் யார் யாரென்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோமதி மழையோடு மாட்டுங்காவுக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"கரண்ட் மேல பழி போடலாம் சார். ஆனா தப்பு என்னுது. வாயக் கட்டிட்டேன்."

"என் கடிதம்?"

"நீங்க படிச்சிட்டீங்கள்ல சார். அதான் போயிருச்சு. ரெண்டு புள்ளி. பேருல வருத ரெண்டு புள்ளி."

பதினைந்து வருடம் பிள்ளைகளுக்கு நிறுத்தற்குறி சொல்லிக்கொடுத்தவன் நான். அவரை உள்ளே வரச் சொல்லவும் தோன்றவில்லை.

என்றாலும் ஒரு வழி இருந்தது. கடிதம் வந்ததற்குச் சாட்சியாக அவர் பேசலாம் என்றார் என் வக்கீல். கடிதம் வந்த பதிவும் அதே டிஸ்கில்தான் போயிருந்தது. ஆகவே சர்வரை நடத்தியவர் என்ற முறையில், அந்தக் கடிதம் வந்ததைப் பார்த்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரிடம் கேட்டேன். கடிதம் வந்தது உண்மை. உண்மைக்காக ஒரு வார்த்தை. நான் கேட்டதில் தவறு இருந்ததாக இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாரேன் சார்" என்றார்.

வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிர்த்தரப்பு வக்கீல், சர்வர் எங்கே இருந்தது என்று இந்தியில் கேட்டார். "கிச்சன் கா மாலா பே, சாப்" என்றார் கோமதி, சமையலறைப் பரணில் என்று. பரணில் வேறு என்ன இருந்தது? இட்லிப் பானை. அறை முழுக்கச் சிரித்தது. பிழை வந்ததும் இயந்திரம் எச்சரிக்கவில்லையா? எச்சரித்தது, நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். கடைசியாக, அந்தக் குறிப்பிட்ட கடிதம் வந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? என் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோமதி என்னை ஒரு முறை பார்த்தார். "அடுத்தவங்க கடுதாசிய நான் பாக்கதில்ல" என்றார்.

திரும்பும்போது ரயில் நிலையத்துப் பாலத்தில் என் பின்னாலேயே வந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை, கோமதி."

"வாயில வரல சார்."

"வராதா, வரவழைக்கத் தெரியாதா?"

"கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன்."

நான் தாதர் பக்கம் போகிற வண்டியில் ஏறினேன். அது மாட்டுங்காவில் நிற்காத வண்டியா, நிற்கிற வண்டியா என்றுகூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. வழக்கு தோற்றது. இப்போது பாண்டுப்பில் ஒரு டியூஷன் வகுப்பில், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். ஆசிரியருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

காரியங்கள் முடிந்த மறு வாரம் பேச்சியம்மாள் போன் செய்தார். அவர்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாத முடிவில் கோவண்டியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற வேண்டும். டிஸ்க் மாற்றி அவர் கடைசிவரை ஓட்டிவந்த, பரணில் இருக்கும் மிஷினை என்ன செய்வது? வட்டத்து ஆட்கள் தங்கள் கடிதங்களைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். "உங்களுக்குத்தான் அது தெரியும்னு அவுக சொல்லுவாக சார். அணைச்சிட்டா எல்லாருது கடுதாசியும் போயிருமாமே?" கடுதாசி எதுவும் போய்விடக்கூடாது என்றுதான் அங்கே போனேன். யார் கடிதத்துக்காகவும் இல்லை. அந்த வீட்டில் இரண்டாவது தடவை அப்படி நடந்தால் அவர் பெயர் என்ன ஆகும் என்பதற்காக.

இட்லிப் பானை அங்கேயே இருந்தது. பழைய ஞாயிறுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியது மறக்கவில்லை. நான் நகலெடுக்கத் தொடங்கியதும் அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று வரி வரியாக ஓடியது. அவசரப்படாமல் முழுதும் படித்தேன். ஒவ்வொருவர் பெட்டியும் அவரவருக்கே சொந்தம். வீட்டுக்காரரான கோமதியுடைய கடவுச்சொல் இருந்தால்தான் எல்லாம் திறக்கும். பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்தே எழுத்தெழுத்தாகச் சொன்னார். கணவர் மனப்பாடம் செய்யவைத்திருந்தார். பிறகு அஞ்சல் சேவையை நிறுத்தினேன், யாரும் நடுவில் எதையும் திறக்காதபடி. கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுதவைத்தேன். மூட்டைக்குள் எத்தனை முக்காற்புள்ளி இருந்தாலும் வெளியே தெரியாது. மூட்டையில் உள்ளதையும் சர்வரில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. அவரவர் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன; வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அது ஓடிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் காப்பி கொண்டுவந்தார்.

"எத்தன வருசமாச்சு சார் நீங்க வந்து. நானும் கேப்பேன். சாருக்குக் காலேஜுல சோலி சாஸ்தி, எங்க வருவாருன்னுவாக."

"காலேஜிலா?"

"ஆமா. கேஸு ஜெயிச்சுதுல்லா? அன்னைக்குக் கோர்ட்டுலருந்து வந்தவுக சட்டையக்கூடக் கழட்டல, அப்பிடியே உக்காந்துட்டாக. என்னாச்சுன்னேன். சார் ஜெயிச்சிட்டாரு, வேலைய பர்மனென்ட் ஆக்கிட்டாங்கன்னாக. நான் கேசரி கிண்டுனேன்."

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு வாய். பல்வலின்னு வச்சிட்டாக." அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இப்ப எச்ஓடி ஆயிருப்பீங்களே சார்?"

தீர்ப்பாயத்தில் எனக்காக வராத வார்த்தை, அன்று சாயங்காலமே அந்த வீட்டில் வந்திருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கலாம். மனைவி வருந்தக்கூடாது என்றும் இருக்கலாம். எனக்காக என்று எடுத்துக்கொள்ள ஆசைதான், என்னால் முடியவில்லை.

"ஆயிட்டேம்மா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நல்ல மனுசனுக்கு நல்லதுதான் நடக்கும் என்றார்.

பேச்சியம்மாள் இங்கே இந்தி மீடியத்தில் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது. மகளும் அப்படியே. ஆகவே இதை எழுதத் துணிந்தேன். இதை வாசிக்கிற உங்களில் யாராவது துக்கம் கேட்கக் கோவண்டிக்குப் போகக்கூடும். போகவும் வேண்டும், அவர் தனியாக இருக்கிறார். பேச்சு என்னைப் பற்றி வந்தால், பாண்டுப் என்ற பெயரை எடுக்காதீர்கள். கோமதிநாயகம் எனக்குத் தந்ததில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கல்லூரி வேலைதான். அந்த ஒரு வீட்டில் நான் துறைத் தலைவர். அங்கே அப்படியே இருக்கவிடுங்கள்.